விளக்கு எந்தப் பக்கம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. பாம்பு வளர்ப்பவர்களின் இணைய மன்றம் ஒன்றில் கேள்வியாகத் தொடங்கியது. கேள்வி இவ்வளவுதான்: "பெட்டி தொண்ணூறுக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர். பந்து மலைப்பாம்பு, ஆண், ஆறு வயது. சூட்டு விளக்கு நேற்று அணைந்துவிட்டது. எந்த விளக்கு வாங்கலாம்?"

அனுப்பும் முன் ஒரு வரி சேர்த்தேன், அவன் சாப்பிடுவதில்லை என்று. எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். அதற்கு இன்னொரு வரி. அந்த வரியில் என் மனைவி வந்துவிட்டாள். பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்று பக்கம் ஆனது. அப்படியே அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் நிர்வாகி நீக்கிவிட்டார். காரணம்: 'தலைப்புக்குத் தொடர்பில்லாதது'. அதற்குள் ஒரே ஒருவர் பதில் எழுதியிருந்தார். இரண்டு வாக்கியம். அந்தப் பதிலை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். இங்கே சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும். எனக்கும் அது புரிய மூன்று நாள் ஆனது. நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.

2

நீக்கப்பட்ட மூன்று பக்கம் என்னிடம் இருக்கிறது. அதைக் கதையாக்கப் பார்க்கிறேன். தொடக்கங்கள்:

(அ) "ஓஸ்த்ராவாவில் மே மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கில் மூன்று குளிர்க்காரர்கள் வருவார்கள்." எங்கள் ஊரில் இது யாருக்குத் தெரியாது? பான்கிராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ்: அந்த மூன்று நாளின் புனிதர்கள், போன குளிரைத் திரும்பக் கூட்டிவருபவர்கள். நாள்காட்டியில் அந்த மூன்று பெயரும் கடந்து போகும்வரை யாரும் தக்காளி நாற்றைப் பால்கனியில் வைப்பதில்லை. ஆனால் குடியிருப்புச் சங்கம் ஏப்ரல் கடைசியிலேயே வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரை நிறுத்திவிடும். இடைப்பட்ட நாளில் வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

(ஆ) "என் மனைவி இறந்த நாளிலிருந்து பாம்பு சாப்பிடவில்லை." நல்ல வரி. படிப்பவர் இதில் நின்றுவிடுவார். வைத்துக்கொள்கிறேன்.

(இ) "நான் பாலங்களில் விரிசல் தேடுபவன்." இதுவும் உண்மை. மாவட்டச் சாலைத் துறைக்கு அறிக்கை எழுதுகிறேன். இடம், அகலம், நீளம், காரணம். என் வாக்கியங்கள் ஏன் இப்படிக் குட்டையாக இருக்கின்றன என்பதற்கு இது போதும் என்று

(மேலே உள்ளதை முடிக்கப்போவதில்லை.)

(ஆ) இருக்கட்டும். ஆகவே: என் மனைவி இறந்த நாளிலிருந்து பாம்பு சாப்பிடவில்லை. அவள் பெயர் ஷோஃபியே. இறந்தது மார்ச் மூன்று. பாம்பு அவளுடையது. சுருண்டால் மாவு உருண்டை மாதிரி இருக்கிறான் என்று க்னெட்லிக் என்று பெயர் வைத்தாள். க்னெட்லிக் நாங்கள் குழம்போடு சாப்பிடும் வெந்த மாவு உருண்டை. ஞாயிற்றுக்கிழமை அது இல்லாமல் இங்கே யார் வீட்டிலும் இலை போட மாட்டார்கள்.*

* இலை இல்லை, தட்டு. எழுதும்போது இப்படித்தான் வந்தது, விட்டுவிட்டேன்.

பெட்டியை விவரிக்க வேண்டும். மன்றத்தில் முதலில் அளவுதான் கேட்பார்கள். கண்ணாடிப் பெட்டி, முன்பக்கம் தள்ளுகதவு. கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில். இடது கோடியில் விளக்கு, கம்பி வலைக்குள். அதன் கீழே அவனுடைய பதுங்கிடம்: விளிம்பு உடைந்த பழைய கேக் அச்சு ஒன்று, சுட்ட மண், கவிழ்த்து வைத்தது. உடைந்த இடம் வாசல். வலது கோடி குளிர்ந்த பக்கம், தண்ணீர்க் கிண்ணம் அங்கே. பாம்புக்கு இரண்டும் வேண்டும். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே அது தானே நகர்ந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

எடை: ஜனவரியில் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு கிராம். போன வெள்ளி ஆயிரத்து நூற்றெண்பது. சமையலறைத் தராசுதான். பாம்பை நிறுக்கும் நாளில் ஷோஃபியே அதன்மேல் ஒரு துண்டு விரிப்பாள். நான் விரிப்பதில்லை.

3

சனிக்கிழமை, பான்கிராட்ஸ் நாள். கலாச்சார மன்றக் கூடத்தில் ஊர்வனச் சந்தை. மேடையில் பல்லிகள், கீழே பாம்புகள், கோட்டு மாட்டும் இடத்தில் வெட்டுக்கிளிப் பெட்டிகள். வாசலில் ஒருவர் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். ரெனாட்டாவின் மேசை வழக்கம்போல் கழிப்பறைக்குப் பக்கத்தில். விளக்கு, தெர்மோஸ்டாட், வலைக்கூண்டு விற்பாள். வீட்டில் இருபத்திரண்டு பாம்பு.

"வாங்க க்னெட்லிக் வீட்டுக்காரரே!" என்றாள். "என்ன, தனியா அனுப்பிட்டாளா? எங்க அவ, பல்லிக்காரன்கிட்ட வம்பளக்கறாளா?"

"இல்ல. மார்ச்ல."

கையிலிருந்த பல்பை அட்டைக்குள் வைத்தாள். மூடினாள். திறந்து மறுபடி மூடினாள்.

"சரி" என்றாள். "பெட்டி அளவு சொல்லு."

(அவள் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்வதாக முதலில் எழுதினேன். அவள் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவளைக் கதையில் வைத்திருக்கிறேன்.)

அளவு சொன்னேன். "சிவப்பு பல்புதான் இருந்துச்சு. அதே மாதிரி குடு."

"இன்னும் சிவப்பா? பாம்புக்கு சிவப்பு தெரியாதுன்னு நாங்க எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தோம், முட்டாள் கூட்டம். ராத்திரி முழுக்க எரிய விடறியா?"

"மார்ச்லேர்ந்து அணைக்கல."

"அப்ப அவனுக்கு ராத்திரின்னு ஒண்ணே இல்லையேப்பா. நீ ரெண்டு மாசம் லைட்டப் போட்டுக்கிட்டு தூங்கிப் பாரு."

"தூங்கறேன். நானும் அந்த ஹால்லதான் படுக்கறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப ரெண்டு பேருமே சாப்பிட மாட்டீங்க."

"நான் சாப்பிடறேன்."

"தெரியுது, தொப்பையப் பாத்தாலே" என்றாள். பிறகு மூன்று அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்தாள். சிவப்பு பல்பு. பீங்கான் ஹீட்டர்: பல்பு மாதிரியே ஹோல்டரில் மாட்டலாம், சூடு வரும், வெளிச்சம் வராது. ஹாலஜன்: வெயில் மாதிரி அடிக்கும். "பகல் வேணும்னா இது, ராத்திரி வேணும்னா அது. உனக்கு எது வேணும்?"

மூன்று பெட்டியின் பின்பக்கத்தையும் திருப்பிப் படித்தேன். பின்னால் வரிசை சேர்ந்தது. யாரோ ஒருவர் இருமினார்.

"மூணையும் எடுத்துட்டுப் போ" என்று பையில் திணித்தாள். "ஒத்துக்காததை அடுத்த மாசம் திருப்பிக் குடு. விளக்கும் கல்யாணமும் வெளிய நின்னு பாத்து முடிவு பண்ற விஷயமில்ல. எடை என்ன இப்போ?"

சொன்னேன். முகம் மாறியது.

"ஆயிரத்து நூறுக்குக் கீழ போச்சுன்னா திரும்ப வர்றது கஷ்டம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்க பக்கம் வர்றேன். அதுக்குள்ள சாப்பிட்டான்னா ஃபோன் பண்ணு. இல்லன்னா துணிப்பையோட வர்றேன், எங்கிட்ட இருக்கட்டும். கோவிச்சுக்காத."

"சரி" என்றேன். கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை. செவ்வாய் என்ன தேதி என்று லிஃப்டில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. மே பதினைந்து. குளிர்க்காரர்கள் மூவரும் போனபின் நாள்காட்டியில் வருவது ஷோஃபியே. அவளுடைய பெயர் நாள்; தன் பெயர் வரும் நாளில் இங்கே பிறந்தநாள் மாதிரி வாழ்த்தும் கேக்கும் உண்டு.

4

ஞாயிறு, செர்வாட்ஸ். ஷோஃபியேயின் அம்மா லிபுஷே வந்தார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். துண்டில் சுற்றிய பாத்திரம், குழம்பு, க்னெட்லிக், அதை அறுக்கத் தனியே ஒரு நூல்கண்டு. என் வீட்டு நூல்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"வீட்டுச் செருப்பு குடு, கால் விறைக்குது. இது வீடா, கசாப்புக்கடை குளிர் அறையா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சாப்பிட்டானா?"

"இல்ல அத்தை."

"பாத்தியா. வாயில்லாத ஜீவன், அதுக்கே தாங்கல. நீ?"

"நான் சாப்பிடறேன் அத்தை."

"அதான் தெரியுமே. போன வாரம் ஏழு உருண்டை. எண்ணினேன்."

"நல்லா இருந்துச்சு."

"நல்லாத்தான் இருக்கும். எம்பொண்ணு அதைப் பாத்துத்தான் பாம்புக்குப் பேரு வச்சா. நாலு பேர்கிட்ட சொல்ல முடியுதா எனக்கு?"

ஃப்ரீசரைத் திறந்து சூப் டப்பாக்களை அடுக்கினார். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதியிருக்கும்: 'ஆளுக்கு'. மனிதர் சாப்பிட என்று அர்த்தம். பாம்புக்கான உறைந்த எலிகள் இருக்கும் டப்பாவிலும் அவரே ஒட்டியிருக்கிறார்: 'ஆளுக்கு இல்லை'. மூன்று முறை அடிக்கோடு.

படித்துப் பார்த்தேன். அத்தையை நான் சரியாக எழுதவில்லை. வேடிக்கைக்கு வந்தவர் போல் இருக்கிறார். திருத்துகிறேன். அவர் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். சத்தமாகப் பேசுவது அதனால். ஆறு வருடமாக இந்தப் பாம்புக்குப் பயந்து சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. மார்ச்சுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அடி முன்னே வருகிறார். இந்த ஞாயிறு சோபாவின் கைப்பிடிவரை வந்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பாம்பைப் பார்க்க வரவில்லை. தன்னோடு துக்கம் காக்கும் இன்னொரு உயிரைப் பார்க்க வருகிறார். அந்த வேலையை நான் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

இன்னொன்று. மார்ச் மூன்றாம் தேதி மருத்துவமனையில் அத்தை அழவில்லை. மகளின் காலுறைகளைக் கழற்றி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார். அன்றும் கேட்டார், கோட்டுப் பொத்தானைப் பார்த்தபடி.

"கடைசில அவளுக்குக் குளிருச்சாப்பா?"

"தெரியல அத்தை."

"நான் தொட்டப்போ கால் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"தெரியல அத்தை."

பொய் சொல்லியிருக்கலாம். அறிக்கை எழுதும் பழக்கம். பார்க்காததை எழுத மாட்டோம். ஷோஃபியே அந்தக் குளிர்காலம் முழுக்க நடுங்கினாள். ரேடியேட்டர் முழு வேகத்தில் இருந்தும் நடுங்கினாள். ஜனவரி முடிவிலிருந்து சோபாவை விட்டு எழுவதே குறைந்துவிட்டது. பெட்டியின் வலது கோடி சோபாவின் கால்மாட்டைத் தொட்டபடி இருக்கும். அந்தக் கண்ணாடியில் பாதங்களை ஒட்டி வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். சாம்பல் நிறக் காலுறை, விளக்குக்குக் கீழே சிவப்பாகத் தெரியும். சில நேரம் அதையும் கழற்றிவிடுவாள். எதிர்க் கட்டிடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் ஜன்னலும் சிவப்பு. ஐந்தாம் மாடிக்காரர் ஒருமுறை லிஃப்டில், "என்ன தம்பி, ஆறாவது மாடியில புதுசா வியாபாரமா? எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டார். மேலே வந்து சொன்னேன். ஷோஃபியே சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "பாம்பைப் பாக்க வரச் சொல்லு, அதுக்கப்புறம் கேக்க மாட்டார்" என்றாள்.

பிப்ரவரி எனக்குச் சரியாக நினைவில்லை. நான் வேலைக்குப் போனேன். வந்தேன்.

5

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கிறது, விளக்குக்கு ஒன்று. மூன்றையும் மாட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு நாளும் எலி வைத்தேன்.

முதல் முடிவு, சிவப்பு (சனி). கூடம் முன்பு போலவே ஆனது. எதுவும் நடக்காதது போல. இந்த முடிவு எனக்குப் பிடித்தது. வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது, அவனுக்கு வேண்டிய சூடு. அவன் அச்சுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

இரண்டாம் முடிவு, பீங்கான் (ஞாயிறு, அத்தை போன பிறகு). விளக்கு இல்லாத சூடு. திரையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் தெரியவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கன்னத்தில் கதகதப்பு பட்டது, அங்கே யாரோ படுத்திருப்பது

(வேண்டாம்.)

வெப்பமானி முப்பத்திரண்டு. அவன் வரவில்லை.

மூன்றாம் முடிவு, ஹாலஜன் (திங்கள் காலை, போனிஃபாட்ஸ்). மாட்டியதும் கூடத்தில் வெயில் வந்துவிட்டது. தூசி தெரிந்தது. பாம்பு உரித்த தோலின் ஒரு துணுக்கு தெரிந்தது. இரண்டு மாதமாகச் சிவப்பில் பார்த்திராத எல்லாம் தெரிந்தன. வெப்பமானி முப்பத்திரண்டு. அவன் வரவில்லை.

இங்கே கதையை நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். நவீனமாக இருக்கும். மூன்று விளக்கு, மூன்று முடிவு, எதிலும் பாம்பு வருவதில்லை, துக்கம் எந்த விளக்குக்கும் கட்டுப்படாது, இப்படி ஏதாவது. துணிப்பையோடு ரெனாட்டா மணி அடிக்கிறாள்; முற்றுப்புள்ளி.

ஆனால் கண்ணாடியில் ஒரு கறை தெரிந்தது. உள்ளே இல்லை, வெளியே, வலது கோடியில், கீழே. துணி எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஐந்து விரல் தடம். கையுடையது இல்லை. பக்கத்தில் இன்னொரு ஐந்து. காலுறையின் சாம்பல் நூல் ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

துடைக்கவில்லை.

6

மன்றத்தில் வந்த அந்தப் பதில்:

"முதல் பக்கத்தில் விளக்கு இடது கோடியில் என்கிறீர்கள், மூன்றாம் பக்கத்தில் வலது கோடியில் கால் காய்கிறது. எது சரி?"

வெள்ளிக்கிழமை இதைப் படித்தபோது எரிச்சல் வந்தது. மனைவி செத்ததைச் சொல்கிறேன், இந்த ஆள் பிழை திருத்துகிறான். திங்கட்கிழமை, துணியைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் இப்போது செய்யப்போவதைத்தான் நானும் செய்தேன். திரும்பிப் போய் என் இரண்டாம் பகுதியைப் படித்தேன். 'இடது கோடியில் விளக்கு. அதன் கீழே அவனுடைய பதுங்கிடம்.' நான்காம் பகுதி: 'பெட்டியின் வலது கோடி. சாம்பல் நிறக் காலுறை, விளக்குக்குக் கீழே.' நீங்கள் முதலிலேயே கவனித்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இரண்டு மாதம் படுத்திருக்கிறேன். மூன்று நாளாக வலது கோடியில்தான் மூன்று விளக்கையும் கழற்றி மாட்டினேன். கை பழகிய இடத்துக்குப் போனது. எழுதும்போது மட்டும் மனம் பழைய பெட்டியைப் பார்த்து எழுதியது.

எது சரி? இரண்டும். ஜனவரி இருபத்தேழு, சாயங்காலம். ஷோஃபியே சோபாவிலிருந்து சொன்னாள்:

"ஹினெக், அந்த லைட்ட இந்தப் பக்கம் மாட்டேன்."

"அவன் அந்தப் பக்கம்ல இருக்கான்."

"இன்னிக்கு மட்டும்டா. நாளைக்குத் திருப்பி மாட்டிடு. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான், நல்ல பையன்."

நான்கு திருகாணி, பத்து நிமிட வேலை. விளக்கு, வெப்பமானி, எல்லாம் வலது கோடிக்கு வந்தன. அச்சு கனம், அது இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் திருப்பி மாட்டவில்லை. அதற்கு மறுநாளும். பிறகு மறந்துபோனது.

அலுவலகப் பையிலிருந்து பாலத்துக்கு வைத்திருக்கும் வெப்பமானியை எடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும், காட்டிய இடத்தின் சூட்டைச் சொல்லும். தண்ணீர்க் கிண்ணம்: முப்பத்திரண்டு. அச்சுக்குள், அவன் முதுகு: இருபது.

பந்து மலைப்பாம்பு சூட்டைவிடப் பதுங்கிடத்தைப் பெரிதாக நினைக்கும். இரண்டில் ஒன்றுதான் என்றால் குளிர்ந்துகொண்டே ஒளிந்திருக்கும். குளிர்ந்த பாம்புக்குச் செரிக்காது. அதனால் வாயைத் திறக்காது. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கும் தெரியும். நான் விரிசல் தேடுகிறவன். மூன்றரை மாதம் பாலத்தின் நல்ல பக்கத்தையே அளந்துகொண்டிருந்தேன்.

அப்படியானால் (ஆ)?

'என் மனைவி இறந்த நாளிலிருந்து பாம்பு சாப்பிடவில்லை.' இந்த வரியை எனக்குச் சொன்னது யார்? யாருமில்லை. மார்ச்சில் நான் முதல்முறை எலி வைத்தேன், அவன் தின்னவில்லை. அத்தையிடம் சொன்னேன், அவர் வாயில் அது கதையானது. அதற்கு முன் ஊட்டுவதும் எழுதுவதும் ஷோஃபியேதான். தேதியும் எடையும் எழுதும் கார்டு பெட்டியின் பின்பக்கம் காந்தத்தில் இருக்கும். அவள் கையெழுத்தைப் பார்க்க வேண்டாம் என்று மார்ச்சில் நான்தான் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

எடுத்தேன்.

7

கார்டில் இருப்பதை இருக்கிறபடி தருகிறேன். இந்தக் கதையில் நான் எழுதாத பகுதி இது ஒன்றுதான்.

ஜனவரி 6. எலி. ஒரே வாய்.
ஜனவரி 20. எலி. எடை 1390. என்னைவிட நல்லா சாப்பிடறான்.
பிப்ரவரி 3. வேண்டாம்னுட்டான்.
பிப்ரவரி 10. வேண்டாம்னுட்டான். அச்சுக்கிட்ட குளிரா இருக்கு. விளக்குதான் காரணம். ஹினெக்கிட்ட சொல்லணும்.
பிப்ரவரி 17. வேண்டாம்னுட்டான். சொல்லல. கால் சூடா இருக்கு. க்னெட்லிக், கொஞ்சம் பொறுத்துக்கோ. ரொம்ப நாள் கேக்க மாட்டேன்.
பிப்ரவரி 24. வேண்டாம்னுட்டான். இன்னும் சூடா இருக்கு. சாரி கண்ணு.

அவ்வளவுதான். மறுபக்கம் காலி.

அச்சை நகர்த்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நகர்த்தியிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று திங்கள் முழுக்க யோசித்தேன். ஒரு காரணம்தான் தோன்றுகிறது. தவறு என்று தெரிந்தால் நான் எதையும் முதலில் இருந்தபடி திருப்பி வைத்துவிடுவேன். என்னோடு ஏழு வருடம் இருந்தவள். விளக்கைத் திருப்பி மாட்டிவிடுவேன் என்று பயந்திருப்பாள்.

மாட்டியிருக்க மாட்டேன், ஷோஃபியே. என்றுதான் நினைக்கிறேன்.

பாம்பு துக்கம் காக்கவில்லை. குளிரில் இருந்தது. (ஆ)வை அடிக்கிறேன். இது திங்கட்கிழமை மதியம். அதன்பின் விளக்கை இடது கோடிக்கு மாற்றினேன். பகலுக்கு ஹாலஜன், பக்கத்திலேயே இரவுக்குப் பீங்கான். ரெனாட்டா முதல் நாளே மேசைமேல் வைத்துச் சொன்ன பதில்தான். நான்கு திருகாணி, பத்து நிமிடம். அன்று இரவு கூடம் இருட்டாக இருந்தது. படுக்கையறையில் படுத்தேன்.

8

செவ்வாய். மழை. 'மூணு குளிர்க்காரனும் போனப்புறம் ஷோஃபியே வந்து நனைப்பா' என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி அவளை அழவைத்திருக்கிறார்கள்.

ஐந்து மணிக்கு அத்தை வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் புது அச்சில் சுட்ட கேக். பெயர் நாளுக்கு. பாம்பு பதுங்கும் தன் பழைய அச்சைத் திருப்பித் தரும்படி ஆறு வருடமாகக் கேட்கிறார், 'உடைஞ்சதா இருந்தா என்ன, அதுல சுட்டாதான் வரும்' என்று. மேசையில் வைத்துவிட்டு நேராக நடந்தார். கைப்பிடியில் நிற்கவில்லை. சோபாவில், கால்மாட்டில், ஷோஃபியே பாதம் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மூலை அன்னிக்குக் கதகதன்னு இருந்துச்சே. என்ன பண்ண?"

"லைட்ட அந்தப் பக்கம் மாத்தினேன் அத்தை."

"ஏன்?"

"அவன் அந்தப் பக்கம்ல இருக்கான்."

"ஓ" என்றார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எலி வெந்நீரில் உருகிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். "அந்த மக்லயா? ஐயோ, இது அவ காபி குடிக்கிற மக்கா?"

"இல்ல அத்தை. டேப்பைப் பாருங்க. நீங்க ஒட்டினதுதான்."

படித்தார். 'ஆளுக்கு இல்லை'. தலையாட்டினார்.

அச்சுக்குள் முதுகு இப்போது முப்பத்தொன்று. ஒன்றரை நாள் சூடு போதாது என்பார்கள் மன்றத்தில். நியாயம்தான். இடுக்கியில் எலியைப் பிடித்துக் கதவைத் தள்ளினேன். அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், டிராமில் ஏறியவர் கம்பியைப் பிடிப்பது போல. உடைந்த விளிம்பில் மூக்கு தெரிந்தது. நாக்கு. ரொம்ப நேரம் நாக்கு மட்டும்.

"வரலேன்னா விட்டுரு" என்று கிசுகிசுத்தார். "அவனைக் கட்டாயப்படுத்தாத. மனசு சரியில்லாதவன்."

அப்போது அடித்தான்.

"கடிச்சுட்டான்! ஹினெக், கடிச்சுட்டான்!"

"எலியைத்தான் அத்தை."

இரண்டு சுற்று சுற்றியிருந்தான். உருண்டையாக இருந்தான், பெயருக்கு ஏற்றபடி. கொஞ்ச நேரத்தில் தாடை விரிந்தது. அத்தை முகத்தை மூடி விரல் இடுக்கில் பார்த்தார், பிறகு மூடாமலே பார்த்தார். "தின்னுடா கண்ணு. மெதுவா. அப்படித்தான்." ஆறு வருடத்தில் அவனிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு. வால் மறைந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"பாரு, இன்னிக்கு அவ நாள்னு தெரிஞ்சிருக்கு அவனுக்கு. இதுக்குத்தான் காத்திருந்திருக்கான். ரெண்டரை மாசம், ஒரு வாய் தின்னாம. மனுஷன் இருப்பானா இப்படி?" என்னைப் பார்த்தார். "உன்னைச் சொல்லலப்பா."

"சொல்லுங்க அத்தை. பரவால்ல."

ரெனாட்டாவுக்கு ஃபோன் செய்தேன். பை வேண்டாம் என்றேன். "எந்த லைட்?" என்று கேட்டாள். "லைட் இல்ல, பக்கம்" என்றேன். "எல்லா மடையனும் அங்கதான் கோட்டை விடறான்" என்று சொல்லிவிட்டு, "அவளுக்கு வாழ்த்து சொல்லு" என்று வைத்துவிட்டாள். அந்த வாக்கியத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இங்கே வைக்கிறேன்.

திரும்பி வந்தபோது அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"அவ ஒரு கார்டு எழுதுவாளே, என்னிக்கு சாப்பிட்டான், என்ன எடைன்னு. எங்க அது? குடு. இன்னிக்கு நான் எழுதறேன்."

கையை நீட்டினார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கதை தீர்ந்துபோகிறது. கார்டை எடுத்துவிட்டேன். அஞ்சலட்டை அளவு. இரண்டு பக்கம்.

காலிப் பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்தால் அத்தை தேதியை எழுதுவார், 'சாப்பிட்டான்' என்று எழுதுவார். அவருடைய பாம்பு இரண்டரை மாதம் மகளுக்காகப் பட்டினி கிடந்த பாம்பாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கோட்டுப் பொத்தானைப் பார்த்தபடி கேட்பார். நான் தெரியல அத்தை என்பேன்.

எழுதிய பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்தால் மகளின் கையெழுத்தை முதல் வரியிலிருந்து படிப்பார். பிப்ரவரி மூன்றில் நிற்பார். கூட்டிக் கழித்துவிடுவார், டிராம் ஓட்டியவர், நேரக் கணக்கு அவருக்குத் தப்பாது. துக்கம் காத்த பாம்பு அந்த வரியோடு போய்விடும். அதற்கு இரண்டு வரி கீழே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதுவரை படிப்பாரா, அதற்கு முன்பே கண்ணாடியைக் கழற்றிவிடுவாரா, தெரியாது. நான் பார்க்காததை எழுத மாட்டேன்.

"என்னப்பா, குடேன். கை வலிக்குது."

மழை நின்றபாடில்லை. வலது கோடிக் கண்ணாடியில் பத்து விரல் தடமும் அப்படியே இருக்கிறது, அத்தையின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி. அவர் இன்னும் குனிந்து பார்க்கவில்லை.

நீங்கள் கார்டைப் படித்துவிட்டீர்கள். ஆகவே இந்த வீட்டில் இப்போது அதை அறிந்தவர்கள் நாம் இரண்டு பேர். இந்தாருங்கள். அவர் கை உங்களுக்கும் எட்டும் தூரத்தில்தான் நீண்டிருக்கிறது.

எந்தப் பக்கம் மேலே என்று பார்த்து வையுங்கள்.